எந்தக் கடிகாரத்தில் மணி என்ன?

எழுப்புவதற்கு முன்னாலேயே ஒருவன் எழுந்துவிட்டால், அவனை எழுப்பியது யார்? விடுகதை மாதிரி இருக்கிறது. ஆனால் லினக்ஸ் கெர்னலின் டிரேஸ் பதிவுகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்களுக்கு இது விடுகதை இல்லை, அன்றாடத் தலைவலி.

ஒரு உதாரணம். இரண்டு பிராசஸர் உள்ள ஒரு சர்வர். தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை எழுப்பச் சொல்லி முதல் பிராசஸர் உத்தரவு போடுகிறது. பதிவில் அதற்கு எதிரே இருக்கும் நேரம் 104.000512 விநாடி. அந்த நிரல் இரண்டாவது பிராசஸரில் எழுந்து ஓட ஆரம்பிக்கிறது. அதற்கு எதிரே இருக்கும் நேரம் 104.000498. உத்தரவு வருவதற்கு 14 மைக்ரோவிநாடி முன்பே வேலை நடந்துவிட்டது! பதிவைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? வேறு யாரோ இந்த நிரலை எழுப்பியிருக்க வேண்டும் என்றுதான். அந்த 'வேறு யாரோ'வைத் தேடி இரண்டு மூன்று நாட்கள் போகும். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. இருந்தது ஒத்துப்போகாத இரண்டு கடிகாரங்கள் மட்டும்தான்.

இதைச் சொல்லவேண்டிய இடம் கெர்னலோடு வரும் ஆவணம். சொல்கிறதா என்று கேட்டால், சொல்கிறது. ஆனால் அரைகுறையாகச் சொல்கிறது. அதுதான் இங்கே பிரச்னை.

கொஞ்சம் பின்னணி. லினக்ஸ் கெர்னலுக்குள் எஃப்டிரேஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. ஸ்டீவன் ராஸ்டெட் எழுதியது, 2008-ல் 2.6.27 பதிப்பில் கெர்னலோடு சேர்ந்தது. கெர்னலுக்குள் எந்தச் செயற்கூறு எப்போது ஓடியது, எந்த நிரல் எப்போது நிறுத்தப்பட்டது, எது எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும். இந்தப் பதிவுகள் எல்லாம் ஒரே நோட்டில் விழுவதில்லை என்பது முக்கியம். ஒவ்வொரு பிராசஸருக்கும் தனித்தனி நோட்டு. யாரும் யாருக்காகவும் காத்திருக்காமல் வேகமாக எழுதுவதற்காக இந்த ஏற்பாடு. படிக்கும்போதுதான் எல்லா நோட்டுகளையும் நேரத்தை வைத்து வரிசைப்படுத்தி ஒன்றாகக் கோத்துக் காட்டுகிறார்கள். ஆக, நேரம் தவறினால் வரிசையே தவறிவிடும். முன்னது பின்னதாகும், காரணம் விளைவாகும்.

எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுவது என்பதைப் பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்கலாம். டிரேஸிங் அடைவுக்குள் 'டிரேஸ் கிளாக்' என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதைத் திறந்தால் ஒரே ஒரு வரி: லோக்கல், குளோபல், கவுண்டர், அப்டைம், பெர்ஃப், மோனோ, மோனோ ரா, பூட், டாய், அப்புறம் இன்டெல் வகைப் பிராசஸர் என்றால் டி.எஸ்.சி. இப்போது எது நடப்பில் இருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு சதுர அடைப்புக்குறி. வேறு பெயரை அந்தக் கோப்பில் எழுதினால் கடிகாரம் மாறிவிடும். எத்தனை எளிமை! ஆனால் பத்துப் பெயர்களில் எதை எழுதுவது?

ஒரு கணினிக்கு எதற்கு இத்தனை கடிகாரம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டிரேஸுக்கு வேண்டிய கடிகாரம் மிக மலிவாக இருக்கவேண்டும், ஏனென்றால் விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை அதைப் பார்க்கவேண்டி வரலாம். எல்லாப் பிராசஸரிலும் ஒரே நேரம் காட்டவேண்டும். பின்னால் போகக்கூடாது. கெர்னல் எந்த இக்கட்டில் இருந்தாலும், மறிக்கவே முடியாத இன்டரப்ட்டுக்கு நடுவில்கூட, அதைப் படிக்க முடியவேண்டும். இத்தனையும் ஒருசேர அமைந்த கடிகாரம் கிடையாது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

வன்பொருளின் பழைய சரித்திரமும் இதற்கு ஒரு காரணம். 1993-ல் பென்டியம் வந்தபோது கூடவே டி.எஸ்.சி. வந்தது. பிராசஸரின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று கூடும் ஒரு எண்ணி. அதைப் படிப்பது ரொம்ப மலிவு. ஆனால் பின்னாளில் மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பிராசஸரின் வேகத்தைக் குறைத்தபோது இந்த எண்ணியும் கூடவே மெதுவானது. ஒரே சில்லில் இரண்டு கோர் வந்தபோது ஒவ்வொன்றின் எண்ணியும் ஒவ்வொரு திசையில் நகர்ந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் சிலவற்றில் எண்ணி நின்றே போனது. இன்றைய பிராசஸர்களில் இதையெல்லாம் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் கெர்னல் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. சந்தேகம் வந்தால் 'நிலையற்றது' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடும்.

இனி அந்த ஆவணத்துக்கு வரலாம். லோக்கல் என்பதற்கு அது தரும் விளக்கத்தின் சாரம், 'இயல்பாக இருக்கும் கடிகாரம் இதுதான், ஆனால் பிராசஸர்களுக்கு இடையே ஒத்துப்போகாமல் இருக்கலாம்' என்பது. குளோபல் என்பதற்கு, 'எல்லாப் பிராசஸரிலும் ஒத்துப்போகும், லோக்கலைவிடக் கொஞ்சம் மெதுவாக இருக்கலாம்'. அவ்வளவுதான். இரண்டும் பொய்யில்லை. ஆனால் 104.000498-ஐப் பார்த்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த 'இருக்கலாம்' எவ்வளவு தூரம் உதவும்?

குளோபலை எடுத்துக்கொள்வோம். 'ஒத்துப்போகும்' என்றதும் எல்லாப் பிராசஸரின் கடிகாரத்தையும் யாரோ சரிபார்த்துத் திருத்தி வைக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். கோடைப் பார்த்தால் கதை வேறு. கடைசியாகக் கொடுத்த நேரத்தை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்து வரும் நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால், பழைய நேரத்தையே திரும்பவும் கொடுத்துவிடுகிறது. அதாவது தவறான நேரத்தைச் சரியாக்கவில்லை, பின்னால் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது. மேலே சொன்ன சர்வரில் குளோபலைப் போட்டிருந்தால் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் 104.000512 என்றே வந்திருக்கும். எழுப்பிய அதே கணத்தில் எழுந்துவிட்டது, தாமதம் பூஜ்யம்! வரிசையைப் பொறுத்தவரை சரி. தாமதத்தை அளக்க வந்தவருக்கு இது இன்னும் மோசம். முதல் பதிவாவது பார்த்தவுடன் சந்தேகத்தைக் கிளப்பும். இரண்டாவது பார்க்க ரொம்ப ஒழுங்காக இருக்கும்.

(இன்னொரு வேடிக்கை. 2018-லிருந்து, லோக்கல் கடிகாரத்துக்கு அடிப்படையான கெர்னல் கடிகாரம் நிலையற்றது என்று தெரிந்தால், கெர்னல் தானாகவே குளோபலுக்கு மாறிவிடுகிறது. அப்படியானால் 'இயல்பாக இருக்கும் கடிகாரம் லோக்கல்' என்ற வரி எல்லாக் கணினிக்கும் உண்மையில்லை.)

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்த இடம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1979-ல் வெளியிட்ட முதல் கணக்கியல் தரநிலையே இதைப் பற்றியதுதான். சரக்கிருப்பை எந்த முறையில் மதிப்பிட்டீர்கள், தேய்மானத்தை எந்த முறையில் போட்டீர்கள் என்று சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லுங்கள் என்கிறது அது. ஏன்? ஒரே குறிப்பேடு, ஒரே பேரேடு, ஆனால் முறையை மாற்றினால் லாபம் மாறும். முறையைச் சொல்லாத லாபம் வெறும் எண். அதே தரநிலையில் இன்னொரு அழகான ஏற்பாடும் இருக்கிறது. தொழில் தொடர்ந்து நடக்கும் என்பது போன்ற சில அடிப்படை அனுமானங்களைப் பின்பற்றினால் அதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பின்பற்றாவிட்டால் கட்டாயம் சொல்லவேண்டும். ஏனென்றால் படிப்பவர் கேட்காமலேயே அதை நம்பிக்கொண்டிருப்பார்.

கடிகார விஷயத்தில் படிப்பவர் கேட்காமலேயே நம்பும் அனுமானம் எது? நேரம் பின்னால் போகாது என்பது. மோனோ கடிகாரத்தின் பெயரிலேயே அந்த வாக்குறுதி இருக்கிறது, 'மோனோடானிக்' என்பதன் சுருக்கம். ஆவணமும் அப்படியே சொல்கிறது. ஆனால் இந்தக் கடிகாரத்தைக் கொடுக்கும் செயற்கூற்றுக்கு மேலே, கெர்னலின் நேரக் கணக்குக் கோப்பில், ஒரு நீண்ட கமெண்ட் இருக்கிறது. அதைப் படித்தால் தூக்கிவாரிப்போடும். கடிகாரத்தின் கணக்கு புதுப்பிக்கப்படும் அந்தக் குறுகிய இடைவெளியில் நேரம் பின்னால் போகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். படம் போட்டே விளக்கியிருக்கிறார்கள்!

காரணம் இல்லாமல் இல்லை. சாதாரணமாக நேரத்தைப் படிக்கும்போது, நடுவில் யாராவது கணக்கைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டும். புதுப்பித்துக்கொண்டிருக்கும் போதே மறிக்க முடியாத இன்டரப்ட் ஒன்று குறுக்கே வந்து நேரம் கேட்டால்? புதுப்பிப்பவர் முடிக்கமாட்டார், கேட்பவர் விடமாட்டார். கணினி அங்கேயே உறைந்துவிடும். அதனால் டிரேஸுக்கென்று கணக்கை இரண்டு பிரதியாக வைத்து, ஒன்றை மாற்றும்போது மற்றதிலிருந்து படிக்கச் செய்தார்கள். பழைய பிரதியிலிருந்து படித்தவருக்குக் கொஞ்சம் முன்னால் போன நேரம் கிடைக்கும், அடுத்து புதிய பிரதியைப் படிப்பவருக்கு அதைவிடக் குறைந்த நேரம் கிடைக்கலாம். உறைந்துபோவதைவிட இது எவ்வளவோ மேல். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கெட்டிக்காரத்தனமான வேலை. இதைத் தெரிந்துகொண்டு சமாளிப்பது பயன்படுத்துபவர் பொறுப்பு என்றும் அந்தக் கமெண்டில் இருக்கிறது. சரி, பயன்படுத்துபவருக்கு எப்படித் தெரியும்? அவர் கையில் இருப்பது எஃப்டிரேஸ் ஆவணம், அதில் இந்தப் பேச்சே இல்லை. ஐந்தொகையின் அடிக்குறிப்பை நிறுவனத்தின் கிடங்குச் சுவரில் எழுதிவைத்த மாதிரி.

இந்த மோனோவின் ஆவணக் கதை தனி சுவாரசியம். மோனோ 2014-ல் வந்தது. மோனோ ரா 2015-ல் வந்தது. இரண்டுக்கும் ஆவணத்தில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. கோப்பைத் திறந்தால் பெயர் இருக்கும், ஆவணத்தில் தேடினால் இருக்காது. 2016 கடைசியில் வேறொருவர் பூட் என்ற மூன்றாவது கடிகாரத்தைச் சேர்க்க வந்தார். தன்னுடையதற்கு விளக்கம் எழுதப் போன இடத்தில் முன்னால் இருந்த இரண்டுக்கும் சேர்த்து எழுதினார். முதல் இருவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, கோட் சரியாக இருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் மோனோவுக்கும் மோனோ ராவுக்கும் வித்தியாசம் தெரியாமல் அளந்தவர்கள் எத்தனை பேரோ! மோனோவின் ஓட்டத்தை என்.டி.பி. இழுத்துப்பிடித்துத் திருத்திக்கொண்டே இருக்கும், 10 லட்சத்துக்கு 500 பங்கு வரை. ஒரு விநாடியில் அதிகபட்சம் 500 மைக்ரோவிநாடி. மோனோ ராவை யாரும் தொடுவதில்லை. மைக்ரோவிநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இது சின்ன வித்தியாசமில்லை.

பூட் எதற்கு வந்தது என்பதைச் சொன்னால் விஷயத்தின் கனம் புரியும். கணினி தூங்கும்போது மோனோ நின்றுவிடும். இரவு 11 மணிக்கு உறங்கப்போன போன் காலை 6 மணிக்கு விழித்தால், மோனோவின் கணக்கில் அந்த ஏழு மணி நேரம் நடக்கவே இல்லை. முதல் நாள் கடைசி நிகழ்ச்சியும் மறுநாள் முதல் நிகழ்ச்சியும் அடுத்தடுத்த மில்லிவிநாடியில் நிற்கும். பேட்டரியை யார் தின்றது என்று கண்டுபிடிக்க உட்காருபவருக்கு இந்தப் பதிவால் என்ன பயன்? பூட் அந்தத் தூக்க நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும். ஆண்ட்ராய்டில் பயன்படும் பெர்ஃபெட்டோ என்ற டிரேஸ் கருவி முதலில் பூட்டைத்தான் கேட்கிறது, கிடைக்காவிட்டால் குளோபல், அதுவும் இல்லாவிட்டால் லோக்கல்.

2018 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. மோனோடானிக், பூட் என்று இரண்டு கடிகாரம் எதற்கு, தூக்க நேரத்தையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்று கெர்னலில் ஒரு மாற்றம் வந்தது. டிரேஸ் கடிகாரங்களும் அதோடு ஒன்றாக்கப்பட்டன. காகிதத்தில் ரொம்பச் சுத்தமான யோசனை. ஆனால் லேப்டாப்புகள் தூங்கி எழுந்ததும் சிஸ்டம்டி தன் கீழே இருந்த சேவைகளைக் கொல்ல ஆரம்பித்தது. ஒவ்வொரு சேவையும் இத்தனை விநாடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லவேண்டும் என்பது அதன் விதி. தூக்க நேரமும் கணக்கில் சேர்ந்ததால் எல்லாச் சேவையும் மணிக்கணக்கில் வாய் திறக்காததாகத் தோன்றியது. ஏப்ரலிலேயே மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு கடிகாரம் எதை எண்ணும், எதை எண்ணாது என்பது வெறும் விவரம் இல்லை, எத்தனையோ நிரல்கள் அதன் மேல் வீடு கட்டிக் குடியிருக்கின்றன.

'கோடைப் படித்தால் எல்லாம் தெரியும், தனியாக ஆவணம் எதற்கு' என்பார்கள் சிலர். கோட் எழுதுபவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். டிரேஸ் எடுப்பவர்களில் பெரும்பாலோர் கெர்னல் எழுதுபவர்கள் இல்லை. டேட்டாபேஸ் ஏன் இழுக்கிறது, பாட்டு ஏன் விக்குகிறது என்று பார்க்க வந்தவர்கள். 'ஆவணம் எழுதினாலும் பழசாகிப்போகும்' என்பது அதைவிட நல்ல வாதம். அதற்குச் சாட்சி அதே ஆவணத்தில் இருக்கிறது. பெர்ஃப் கடிகாரத்தின் விளக்கத்தில், 'என்றாவது ஒருநாள் பெர்ஃப் கருவி எஃப்டிரேஸ் பதிவுகளைப் படிக்கும், அப்போது உதவும்' என்ற பொருளில் ஒரு வரி ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. அந்த என்றாவது ஒருநாள் எப்போது? ஆனால் பழசாகும் என்பதற்காக எழுதாமலே விடுவது, அழுக்காகும் என்று சட்டையே போடாமல் இருப்பது மாதிரி.

நன்றாக எழுதவே தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. கவுண்டருக்கான விளக்கத்தைப் பாருங்கள். 'இது கடிகாரமே இல்லை' என்றுதான் ஆரம்பிக்கிறது. ஒன்று ஒன்றாகக் கூடும் எண்ணி, பிராசஸர்களுக்கு நடுவே எது முன் எது பின் என்று துல்லியமாகத் தெரியவேண்டுமானால் பயன்படும் என்று முடிக்கிறது. என்ன, எதற்கு, எதற்கு ஆகாது மூன்றும் வந்துவிட்டன. பவர்பிசி கடிகாரத்துக்கு எழுதியவர், அதை வைத்து ஹைப்பர்வைசரில் நடந்ததையும் அதன் மேல் ஓடும் கணினியில் நடந்ததையும் ஒப்பிடலாம், இடையிலுள்ள வித்தியாசம் தெரிந்திருந்தால், என்று நிபந்தனையோடு சொல்கிறார். பூட்டுக்கு எழுதியவர் அதன் ஓட்டைகளையும் மறைக்காமல் எழுதி, கோடில் எந்தக் கமெண்டைப் பார்க்கவேண்டும் என்றும் காட்டிவிட்டார். 2022-ல் லீப் விநாடியால் குதிக்காத டாய் கடிகாரம் வந்தபோது விளக்கமும் அதை ஒட்டியே வந்தது. கணினியின் நேரத்தை யாராவது மாற்றிவைத்தால் தவறான நேரம் வரக்கூடும் என்ற எச்சரிக்கையோடு. ஆக, முடியாத காரியமில்லை. பழைய கடிகாரங்களுக்குத்தான் யாரும் திரும்பிவந்து எழுதவில்லை.

செய்யவேண்டியது பெரிய வேலையும் இல்லை. மோனோவுக்கு ஒரு வாக்கியம்: புதுப்பிக்கும் இடைவெளியில் பின்னால் போகலாம். குளோபலுக்கு ஒரு வாக்கியம்: வரிசையை நம்பலாம், மிகச்சிறிய தாமதங்களை நம்பவேண்டாம். அப்டைமுக்கு ஒன்று: கெர்னல் விநாடிக்கு 250 துடிப்பு என்று அமைக்கப்பட்டிருந்தால் 4 மில்லிவிநாடிக்குக் கீழே எதுவும் தெரியாது. இனிமேல் புதிதாக ஒரு கடிகாரத்தைச் சேர்க்கும் பேட்ச், அதன் விளக்கத்தோடு வராவிட்டால் வாங்கவே கூடாது. கொஞ்சம் கறாரான யோசனைதான். கோடில் ஒரு இடைவெளி கூடக்குறைய இருந்தாலே திருப்பி அனுப்பும் கூட்டம் அது, இந்தக் கறார் அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

அந்த இரண்டு பிராசஸர் சர்வர்க்காரர், வரிசைதான் சந்தேகம் என்றால் கவுண்டரைப் போட்டு இன்னொரு டிரேஸ் எடுக்கலாம். எழுப்பியது முதலில், எழுந்தது பிறகு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் கடிகாரத்தை மாற்றுவதற்கு முன்னால் பழைய பதிவை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். புதுக் கடிகாரத்தின் பெயரை எழுதிய மாத்திரத்தில் அதுவரை சேர்ந்த பதிவு முழுக்க அழிந்துவிடும். அது ஆவணத்தில் இருக்கிறது, ஒரே ஒரு வரியாக.